சர்வரின் பதிவேட்டில் அம்மாவின் பெயர்

அமல்,

இந்தக் கடிதத்தை நீயும் ஷீலாவும் சேர்ந்தே படிக்கலாம். அப்படிப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ இரண்டு விஷயங்கள் கேட்டாய். நீங்கள் இருவரும் நெதர்லாந்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் இங்கே மன்னார்புரம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை அணைத்துவிடலாமா என்பது ஒன்று. ஷீலா போன் செய்தால் நான் ஏன் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறேன் என்பது இன்னொன்று. "உடம்பு ஏதும் சரியில்லையாம்மா? மறதி கிறதி வருதா?" என்று மென்று விழுங்கிக்கொண்டு கேட்டாய். மறதி இல்லை. எனக்கு வந்திருப்பது அதற்கு நேர் எதிரான வியாதி. உன் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்; அதைப் போனில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீ நம்பி என்னிடம் விட்ட உன் ஃபோல்டரை நான் திறந்து பார்த்தேன். முழுவதும் படித்த பிறகு, உன் படங்களும் காகிதங்களும் இனி இந்த வீட்டுக்கு வரலாமா கூடாதா என்று நீ தீர்மானித்துக்கொள். நீங்கள் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இந்த விவகாரம் எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். போன கிறிஸ்துமஸ் விடுமுறையில், உன் போனில் இருந்த படங்களை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாய். இதெல்லாம் போனிலேயேவா இருக்கிறது என்று கேட்டேன். "இல்லம்மா, கிளவுட்ல இருக்கு" என்றாய். "கிளவுட் எந்த ஊர்ல இருக்கு?" என்றேன். "தெரியலம்மா." "நகையை லாக்கர்ல வெச்சுட்டு, எந்த ஊர் பேங்க்னு தெரியாதுன்னு சொல்லுவியாடா?" நீ சிரித்தாய். ஆனால் மறுநாள் காலையில், அப்பா போன பிறகு அவர் மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரை வெளியே எடுத்துத் துடைத்து, அதில் லினக்ஸ் ஏற்றி, ஒரு பெரிய ஹார்டு டிஸ்க்கையும் மாட்டிவிட்டாய். உன் போனில் விழும் ஒவ்வொரு படமும் புனேயிலிருந்து தானாகவே இங்கே வந்து சேரும்படி செய்தாய். எனக்கென்று ஒரு கணக்குத் தொடங்கி, அதற்கு 'அம்மா' என்றே ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தாய். நான்கு நாளில் கிளம்பும்போது, "இதை ஒண்ணும் தொடாதீங்கம்மா, அது பாட்டுக்கு ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். முப்பத்தொரு வருடம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவளிடம், லேபிள் இல்லாத ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காதே என்று சொன்ன மாதிரி இருந்தது அது.

ஜனவரி முழுவதும் அதை வெளியிலிருந்தே பார்த்தேன். பிறகு, படங்கள் தனி டிஸ்க்கில்தான் இருக்கின்றன என்பதை நிச்சயப்படுத்திக்கொண்டு, நீ ஏற்றியதையெல்லாம் அழித்துவிட்டு, முதலிலிருந்து நானே ஏற்றினேன். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வரியும் எதற்கு என்று தெரியாமல் ஒரு பொருளை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். வெளியிலிருந்து உள்ளே வர நீ ஐந்து வாசல்களைத் திறந்து வைத்திருந்தாய், தேவைப்பட்டது இரண்டுதான். மற்ற மூன்றையும் ஃபயர்வாலில் மூடினேன். பாஸ்வேர்டு போட்டு நுழையும் வழி யூகிக்கிறவனுக்குச் சௌகரியம் என்று படித்தேன். அதை நிறுத்திவிட்டு, பாதி இங்கேயும் பாதி நுழைகிறவரின் கம்ப்யூட்டரிலும் இருக்கிற சாவி முறைக்கு மாற்றினேன். அதில் ஒரு தப்பு செய்தேன். என் லேப்டாப்பின் சாவியைச் சர்வரில் ஏற்றுவதற்கு முன்பே பாஸ்வேர்டு வழியை மூடிவிட்டேன். அரை மணி நேரம் என் வீட்டு மெஷின் என்னையே உள்ளே விட மறுத்தது. பழைய கீபோர்டையும் மானிட்டரையும் பரணிலிருந்து இறக்கி, சர்வருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சரிசெய்தேன். கோபம் வரவில்லை தெரியுமா? நான் கட்டிய பூட்டு என்னிடமே இரக்கம் காட்டவில்லையே, அப்படியானால் ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறேன் என்று தோன்றியது. புதுக் கதவு வேலை செய்கிறதா என்று பார்க்காமல் பழைய கதவை மூடக் கூடாது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். புது நாட்டுக்குப் போகிற உனக்கும் அது பயன்படும். இங்கே இருக்கும் வேலையையும் வீட்டையும் அவசரப்பட்டு முழுவதுமாகக் கைகழுவிவிடாதே.

பேக்கப்பின் ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. வேறு இடம் என்றால் எனக்கு வைதேகியின் வீடுதான். கான்வென்டில் ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக ஓய்வுபெற்று, இப்போது ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் தனியாக இருக்கிறாள். அவளிடம் சொன்னதும், "எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுடி" என்றாள். என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டாள் என்பதை அவளிடம் சொல்லாதே. ஒரு சனிக்கிழமை நான் என் டிஸ்க்கோடு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போவேன். அடுத்த சனிக்கிழமை அவள் தன்னுடையதோடு இங்கே வருவாள். காவிரிக்கு இந்தப் பக்கம் அவளுடைய பிரதி, அந்தப் பக்கம் என்னுடையது. டிஸ்க்கைத் துண்டில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு போவேன். ஒரு முறை திருவானைக்காவல் தாண்டும்போது கண்டக்டர், "பாட்டிம்மா, டப்பாவ நிமித்தி வைங்க, சாம்பார் யார் மேலயாவது கொட்டிடப் போவுது" என்றார். "இதுல சாம்பார் இல்லைங்க, என் மகனோட பத்து வருஷம் இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு அந்த மனிதர் என்னிடம் டிக்கெட்டைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. டப்பா பஸ்ஸில் தொலைந்தாலும் எடுத்தவன் ஒன்றும் படிக்க முடியாதபடி டிஸ்க் முழுவதையும் மறையாக்கிப் பூட்டியிருந்தேன். வைதேகியாலும் திறக்க முடியாது. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. திருடன், கண்டக்டர், சிநேகிதி, ஊர், உலகம் எல்லாரிடமிருந்தும் உன்னைப் பாதுகாத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைகளில் டிஸ்க் மாற்றுவதைவிட எங்களுக்குப் பிடித்த வேலை வேறு ஒன்று உண்டு. யார் யார் கதவைத் தட்டினார்கள் என்று சர்வர் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது அல்லவா, அந்த வாரத்துப் பதிவேட்டை அச்செடுத்து, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து படிப்போம். உலகத்தில் எத்தனை விதமான பெயர்களில் தட்டுகிறார்கள்! 'அட்மின்' என்று வருகிறான், 'கெஸ்ட்' என்று வருகிறான், ஏதோ ஒரு ஸ்பானியப் பெண் பெயரில் நாள் முழுவதும் வருகிறான். "இவன் யாருடி, 'டெஸ்ட்'னு சொல்லிண்டு இத்தனை தடவை வந்திருக்கான்?" என்பாள் வைதேகி. "மனுஷன் இல்லடி. எங்கயோ ஓடற ஒரு ப்ரோக்ராம்." "அதுக்குச் சலிக்காதோ?" "சலிக்காது." "ஐயோ பாவம்" என்று அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சுழி போடுவாள். மூன்று முறை தவறினால் ஒரு நாள் முழுவதும் உள்ளே வர முடியாது என்று நான் வைத்திருந்த விதியில் நீயே ஒரு முறை மாட்டினாய். ஏதோ ஓட்டலிலிருந்து வேறு லேப்டாப்பில் முயன்றுவிட்டு, "ம்மா, என்னைய வெளிய தள்ளிடுச்சு!" என்று போன் செய்தாய். "மூணு தடவை தப்பு பண்ணினா யாரா இருந்தாலும் வெளியதான்" என்றேன். எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து அதைச் சொன்னேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

இனிமேல்தான் விஷயம். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை. ஜூலையில் ஒரு காலை, வைதேகியிடமிருந்து திரும்பி வந்த டிஸ்க்கை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துத் திறந்தேன். அதுவரை நான் செய்ததில் தப்பில்லை. ஒரு படம் சரியாகத் திறந்தால் சோதனை முடிந்தது. திறந்தது. புனேயில் உங்கள் சமையலறை அலமாரி. பிப்ரவரியில் நான் வந்திருந்தபோது, பெயர் இல்லாமல் நின்ற உங்கள் டப்பாக்களுக்கெல்லாம் கடுகு, சீரகம், மல்லித்தூள் என்று எழுதித் தேதி போட்டு லேபிள் ஒட்டினேனே, அந்த வரிசை. என் கையெழுத்து. அதற்கு மேல், போனில் விரலால் எழுதியது, சிவப்பில்: "ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தாச்சு! இன்னும் பத்தொன்பது நாள்!" பக்கத்தில் அழுகிற முகம் ஒன்று. ஷீலா உனக்கு அனுப்பியது. உனக்கு வருகிற படங்களும் தானாக உன் போனில் சேர்ந்து, அங்கிருந்து இங்கே வந்துவிடும் என்று உங்கள் இருவருக்குமே தோன்றியிருக்காது.

நான் இருபத்திரண்டு நாள் தங்கினேன். அப்படியானால் நான் வந்த மூன்றாம் நாளே அவள் எண்ணத் தொடங்கியிருக்கிறாள். என் பெருமை உனக்குத் தெரியும். எத்தனையோ வருடம் வகுப்புக்குள் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டவள் நான். அந்தப் படத்தைப் பார்த்ததும் முதலில் எழுந்தது கோபம். அடுத்த நொடியே எழுந்தது, இதற்கு நீ என்ன பதில் அனுப்பினாய் என்ற கேள்வி. கோபத்தை அடக்கிவிடலாம், அந்தக் கேள்வியை அடக்க முடியவில்லை. உன் ஃபோல்டரை உன்னைத் தவிர யாரும் திறக்கக் கூடாது என்று பூட்டி வைத்திருந்தது நானேதான். நிர்வாகி என்ற முறையில் அந்தப் பூட்டைத் தாண்டிப் போக எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்த அதிகாரத்தை எடுக்கும்போதெல்லாம் மெஷின் என் பாஸ்வேர்டைக் கேட்கும். கேட்டது. கொடுத்தேன். நான்கு நாள் தேடினேன். உன் பதில் கிடைக்கவில்லை. எழுத்தில் அனுப்பியிருப்பாய், படங்கள் மட்டும்தான் இங்கே வருகின்றன. அந்தப் பதிலைத் தேடும் சாக்கில் உன் பல் எக்ஸ்ரே, வீட்டு ஒப்பந்தம், நீ தாடி வைத்துப் பார்த்த ஒரு வாரம், யாருக்கும் அனுப்பாமல் எடுத்து வைத்திருந்த அப்பாவின் செருப்புப் படம் எல்லாவற்றையும் பார்த்தேன். பிப்ரவரித் தேதி போட்ட ஓர் ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் பார்த்தேன். அதில் ஷீலாவின் பெயர் இருந்தது. நீங்கள் இருவரும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு துக்கம் அது. அதை இங்கே எழுத மாட்டேன். வைதேகியிடமும் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தை அனுப்புமுன் அவளுக்குப் படித்துக் காட்டும்போது இந்தப் பத்தியில் பாதியைத் தாண்டிவிடுவேன். நான் கடுகுக்குத் தேதி போட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில் அந்தப் பெண் எதைச் சுமந்துகொண்டு எனக்குக் காலைக் காப்பி போட்டுக் கொடுத்தாள் என்று தெரிந்தபோது, நான் கேட்டிருந்த கேள்விக்கே அர்த்தம் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகாவது ஷீலாவிடம் நன்றாகப் பேசியிருக்க வேண்டும். முடியவில்லை. அதற்கு முன்பு கோபத்தில் சுருக்கமாகப் பேசினேன். பின்பு வெட்கத்தில் சுருக்கமாகப் பேசினேன். கேட்கிறவளுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். "அத்தை, சாப்பிட்டீங்களா? வெயில் எப்படி இருக்கு?" என்பாள். "சாப்பிட்டேன். இருக்கு" என்று வைத்துவிடுவேன். அவள் மறுபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். எனக்குத் தெரிந்ததை அவளிடம் மறைத்துக்கொண்டு ஒரு முழு வாக்கியம் பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, அமல். தெரியாத மாதிரி பேசுகிற பழக்கம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வைதேகி வந்தாள். வழக்கம்போல வெளியிலிருந்து தட்டியவர்களின் பட்டியலை முடித்துவிட்டு, "வெளில இருக்கறவாளையே பாத்துண்டிருக்கோமே, உள்ள என்ன நடந்ததுன்னும் எழுதி வெச்சிருக்குமோல்லியோ? அதையும் எடுடி" என்றாள். நிர்வாகி அதிகாரத்தை யார், எப்போது, எதற்காக எடுத்தார்கள் என்பதையும் சர்வர் எழுதிவைக்கிறது. எனக்கு அது தெரியும், படித்திருக்கிறேன். ஆனால் அந்த நான்கு நாட்களில் அது என் நினைவுக்கே வரவில்லை. அவளுக்கு முன்னால் மறுக்கக் காரணம் கிடைக்காமல், இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அச்செடுத்தேன். "இதென்னடி, பக்கம் பூரா 'அம்மா, அம்மா'ன்னு இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தாள். நாள், மணி, நிமிடம், என் பெயர், திறந்த ஃபோல்டரின் பெயர். ஐந்தாவது வரியில் அவள் சிரிப்பு நின்றது. "இது அமலோட ஃபோல்டர்னா?" "ஆமா." "அவன் கேட்டானா?" "இல்ல." சிவப்புப் பென்சிலை மேஜையில் வைத்தாள். "எக்ஸ்சேஞ்சுல, ட்ரங்க் கால் காலத்துல, ஊர்ல எல்லார் பேசறதும் எங்க காதுல விழும்டி. கேக்கலாம். யாருக்கும் தெரியாது. கேக்கப்படாது, அவ்வளவுதான். நானும் ஒரு தடவை கேட்டேன். யாரோடதுன்னு இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, ஆனா அந்தக் குரல் போகமாட்டேங்கறது" என்றாள். நான் என்ன பார்த்தேன் என்று அவள் கேட்கவே இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

நிர்வாகியால் அந்த வரிகளை அழித்துவிட முடியும். ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழிக்கவில்லை. அந்தப் பக்கங்களை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நான் சொல்கிற கணக்கை நம்பாமல் நீயே பார்த்துக்கொள்.

இது எனக்குப் புதிதல்ல என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீ ஒன்பதாவது படிக்கும்போது தினமும் சாயங்காலம் உன் ஸ்கூல் பையைத் திறந்து பார்ப்பேன். நோட்டு சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் பையைத் திறந்தால் மேலாகவே ஒரு துண்டுச் சீட்டு: "அம்மா, இன்று ஒன்றும் இல்லை. தேடவேண்டாம்." நான் என்ன செய்தேன்? "தேட வேண்டாம்" என்று இரண்டு சொல்லாகப் பிரித்துச் சிவப்பு மையில் கோடு போட்டு, பைக்குள்ளேயே திருப்பி வைத்தேன். அப்பா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி, "நீ பையைத்தான் திறக்கற. நாளைக்கு அவன் வேற எங்கயாவது வெக்க ஆரம்பிப்பான். அப்ப உனக்குப் பையும் கிடையாது, அவனும் கிடையாது" என்றார். பொன்மலை ரயில்வே பணிமனையில் நாள் முழுவதும் இரும்போடு பேசிவிட்டு வருகிற மனிதருக்குப் பிள்ளை வளர்ப்பு என்ன தெரியும் என்று அன்று நினைத்தேன். அதற்கப்புறம் உன் பையில் எதுவும் இருந்ததில்லை. நீ பொறியியல் படிப்பை மாற்றிக்கொண்டதையும், வேலை மாறியதையும், ஷீலாவைப் பற்றியும்கூட எனக்கு முடிவான பிறகுதான் சொன்னாய். நல்ல பிள்ளை, தொந்தரவு தராத பிள்ளை என்று ஊரிடம் சொல்லிக்கொண்டேன். நீ என்னிடம் எதையும் வைப்பதில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் கிறிஸ்துமஸ் அன்று, "எல்லாத்தையும் இங்கயே வெச்சுடறேன்மா" என்று நீ சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்கு ஏழு மாதத்தில் நான் செய்தது இது.

இனி செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்கலாம். ஆனால் எழுபத்து நான்கு வயதில் என்னைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும்; என் சத்தியத்தைவிட நல்ல பூட்டு வேண்டும் என்று தோன்றியது. நிர்வாகியே நினைத்தாலும் பார்க்க முடியாதபடி செய்ய வழி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். மூன்று வாரம் படித்தேன். இத்தனை ஆர்வமாக நான் எதையும் படித்துப் பல வருடம் ஆகிறது. வழி இருக்கிறது. இதுவரை நான் செய்தது, உன் படங்கள் இங்கே வந்து சேர்ந்த பிறகு நான் பூட்டியது. அதனால் சாவி என்னிடம் இருந்தது. அப்படி இல்லாமல், புறப்படும் இடத்திலேயே, உன் கையிலேயே, உனக்கு மட்டும் தெரிந்த ஒரு வாசகத்தை வைத்துப் பூட்டி அனுப்ப வேண்டும். இங்கே வருவது வெறும் பூட்டிய பெட்டி. நான் அதை வைத்திருக்கலாம், பிரதி எடுக்கலாம், ஸ்ரீரங்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். உள்ளே இருப்பது படமா, காகிதமா என்றுகூட எனக்குத் தெரியாது.

தெரியாது என்று புத்தகம் சொன்னால் போதுமா? வைதேகியை வைத்துச் சோதித்தேன். அவள் தன் லேப்டாப்பில் எதையோ அப்படிப் பூட்டி எனக்கு அனுப்பினாள். நிர்வாகியாக எனக்கிருக்கும் எல்லா அதிகாரங்களையும் எடுத்துக்கொண்டு மூன்று நாள் முட்டிப் பார்த்தேன். ஃபைல்களின் பெயர்கள்கூட வெறும் எழுத்துக் குப்பையாக இருந்தன. எவ்வளவு பெரியது, என்றைக்கு வந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. அவள் பிறந்த நட்சத்திரம், அவள் வீட்டுக்காரர் பெயர், நாங்கள் படித்த வகுப்பு எண் என்று யூகித்தும் பார்த்தேன். நான்காம் நாள் அவளே போன் செய்தாள். "என்னடி ஆச்சு, முடிஞ்சுதா?" "முடியலடி." "உள்ள என்னன்னு சொல்லட்டுமா?" உன் அம்மா அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வாள் என்று நீ நினைப்பாயோ, அது என் நாக்கு வரைக்கும் வந்தது. "வேண்டாம், சொல்லாதே" என்றேன். "உடம்பு சரியாத்தானே இருக்கு?" என்றாள். போனை வைத்துவிட்டு அந்தக் குப்பை எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அது பத்திரமாகவும் இருக்கிறது. இது ஒரு விசித்திரமான நிம்மதி, அமல். இவ்வளவு காலம் இது இல்லாமலே இருந்திருக்கிறேன்.

இனி உன் முறை. எனக்கு வயதாகிவிட்டது, சிரமம் என்ற காரணத்துக்காக இதை அணைக்காதே. அப்டேட்டுகள் திங்கள்தோறும் நடக்கின்றன, யு.பி.எஸ். பாட்டரி மாற்றியாகிவிட்டது, ரவுட்டரின் பாஸ்வேர்டு கம்பெனி கொடுத்தது அல்ல. ஆனால் அம்மாவை நம்ப முடியாது என்ற காரணத்துக்காக அணைத்தால் அது நியாயமான காரணம். அப்படியானால் சொல், டிஸ்க்கை உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், ஏன் என்று கேட்க மாட்டேன். தொடரலாம் என்று தோன்றினால், பழைய ஃபோல்டரை நீயே வந்து அழித்துவிட்டு, எல்லாவற்றையும் நான் சொன்ன முறையில் புதிதாகப் பூட்டி அனுப்பு. செய்யும் முறையைத் தனித் தாளில் வரிசையாக எழுதியிருக்கிறேன், வரிசையை மாற்றாதே.

ஷீலா, உனக்கு. பத்தொன்பது நாள் என்று எண்ணியதில் தப்பில்லை; உன் இடத்தில் நானும் எண்ணியிருப்பேன், மணிக்கணக்கில். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கடுகு டப்பாவில் நான் போட்ட தேதியே தவறு என்று தெரிந்தது. அதைக் கிழித்துப் போடு. நான் பார்த்திருக்கக் கூடாததையும் பார்த்துவிட்டேன். அதைப் பற்றி நீயாக என்றைக்காவது பேசினால் கேட்பேன். பேசாவிட்டால் அது உன்னுடையது. இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட வேண்டாம். நானே கூப்பிடுகிறேன்.

அமல், கடைசியாக ஒன்று. அந்தப் பூட்டுக்கு நீ வைக்கிற வாசகம் நீளமாக இருக்கட்டும். அப்பா பெயர், உன் ரோல் நம்பர், உங்கள் கல்யாண நாள் எதுவும் வேண்டாம். அதையெல்லாம்தான் நான் முதலில் போட்டுப் பார்ப்பேன். நீ மறந்துவிட்டால் உலகத்தில் யாராலும் திறக்க முடியாது, எல்லாம் போனது போனதுதான். அதனால் ஒரு காகிதத்தில் எழுதி இன்னொருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். அந்த இன்னொருவர் நான் இல்லை. நாளைக்கு நான் போனில் அழுதாலும், நெஞ்சு வலி என்றாலும், சும்மா ஒரே ஒரு படம் பார்க்கத்தான் என்றாலும் அது என் கைக்கு வரக் கூடாது. உன்னிடம் இருந்தால் நீ கொடுத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். ஷீலாவிடம் கொடு. அவள் தர மாட்டாள்.